ஒட்டி நடந்த இரண்டு புள்ளிகள்

எங்கள் கிடங்கில் இருபத்தேழாவது வரிசைக்குள் நுழைந்தால் கையிலிருக்கும் ஸ்கேனர் செத்துவிடும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சரக்கு எடுக்க வந்த பெண்கள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள், உள்ளங்கையில் தட்டுவார்கள், வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கடைசியில் நாலு வரிசை திரும்பி நடந்து போய், வட்டம் நின்றதும் மறுபடி வருவார்கள். அந்த வரிசை முழுக்கத் திரவ சோப்பும் ஷாம்புவும். தண்ணீராக இருக்கும் எதுவும் வைஃபை அலையைக் குடித்துவிடும். மிச்சத்தை இரும்பு அலமாரி திருப்பி அடித்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான்தான் அந்தக் கிடங்கின் நெட்வொர்க் பொறியாளர். ஆனால் சரக்கு எடுப்பவர்களின் வேகத்தைக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. மணிக்குத் தொண்ணூறு பொருள் எடுக்க வேண்டும். எண்பத்தைந்து என்றால் பெயருக்கு நேரே சிவப்பு விழும். வாரத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் மேற்பார்வையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு, நின்றபடியே இருபது நிமிடம் கேட்க வைப்பார்.

அப்படிப் போய் நின்றவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். அந்தக் கிடங்கில் பதினோரு வருடமாகச் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே பொறியாளர் வேலை காலியாக இருக்கிறது என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியதும் அவள்தான். வேலை கிடைத்ததும் அவள் சொன்ன முதல் விஷயம், "நீ என் தங்கச்சின்னு அங்க மூச்சு விடக்கூடாது" என்பது.

"ஏன்க்கா?"

"ஆபீஸ்காரியோட அக்கான்னு தெரிஞ்சா அப்புறம் எவடி என் முன்னாடி மனசு விட்டுப் பேசுவா? நான் வந்தாலே வாயை மூடிக்குவாளுங்க."

அலுவலகத்துக்கு ஒரு வாசல், கிடங்குக்கு வேறு வாசல். ஆறு வருடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அலமாரிகளுக்கு நடுவே எதிரெதிரே வந்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உச்சியில் ஒரு வைஃபை பெட்டியைக் கட்டிய நீளக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நான் வரிசை வரிசையாகச் சோதனை செய்வதால், அங்கே எனக்கு ‘டவர்’ என்று பெயர் என்பதையும் அவள்தான் சொன்னாள். "டவர் வருது, தலையைக் குனின்னு சொல்றாளுங்கடி. நானும் சேர்ந்து குனியறேன். வேற என்ன பண்ண?"

தவறான சரக்கு கடைகளுக்குப் போவதாகப் புகார் குவிந்த பிறகுதான் தலைமை அலுவலகம் அசைந்து கொடுத்தது. புது வயர்லெஸ் அமைப்பு வாங்கலாம். மூன்று கம்பெனிகளை வரவழைத்து, ஒரே இடத்தில் ஓடவிட்டு, ஒப்பிட்டு அறிக்கை கொடு என்று எனக்கு உத்தரவு வந்தது. அன்று அக்காவுக்குப் போன் செய்து சொன்னபோது அவள், "இருபத்தேழுல வட்டம் சுத்தாம இருந்தா போதும்டி, உன் வாயில சர்க்கரையைக் கொட்டறேன்" என்றாள்.

மூன்று கம்பெனிக்காரர்களும் ஆளுக்கு இரண்டு வாரம் இருபதிலிருந்து முப்பதாவது வரிசை வரை தங்கள் பெட்டிகளை மாட்டினார்கள். பெட்டிகளில் எரியும் சிறு விளக்கின் நிறத்தை வைத்து நான் அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டேன். ஆரஞ்சு, பச்சை, நீலம்.

ஆரஞ்சு மலிவு. அலுவலக அறைகளில் குறை சொல்ல முடியாது. ஆனால் கிடங்கில் நடக்க ஆரம்பித்தால், ஸ்கேனர் ஒரு பெட்டியின் எல்லையை விட்டு அடுத்த பெட்டியைப் பிடிக்க நாலு நொடி திணறும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை வரிசை மாறும் ஒருத்திக்கு அந்த நாலு நொடிகள் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். பச்சை வேகமாக இருந்தது. ஆனால் அதன் மூளை முழுவதும் எங்கோ அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில். ஒரு மதியம் எங்கள் இணைய இணைப்பு அறுந்தபோது, பெட்டிகள் ஓடின, ஆனால் ஒரு சின்ன மாற்றம்கூட என்னால் செய்ய முடியவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருடா வருடம் உரிமம் புதுப்பிக்காவிட்டால் பெட்டிகள் சுவரில் மாட்டிய அலங்காரம்தான். நீலம் இரண்டிலும் தேறியது. கட்டுப்பாட்டு இயந்திரம் எங்கள் அறையிலேயே இருக்கும். இருபத்தேழாவது வரிசையில், ஷாம்பு அடுக்கு கூரை வரை நிரம்பியிருந்த நாளில், கையில் ஸ்கேனரோடு நான் ஓடியே பார்த்தேன். ஒரு ‘பீப்’கூடத் தவறவில்லை. விலை மட்டும் ஆரஞ்சைப் போல இரண்டு மடங்கு.

பதின்மூன்று வரிகளில் அட்டவணை போட்டேன். வேகம், பரப்பு, பாதுகாப்பு, பழுது வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும், எல்லாம். நீலத்தைப் பரிந்துரைத்தேன். கொள்முதல் அதிகாரி அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா ஜி.எம். ஒரே கேள்வி கேப்பாரு. ரெண்டு மடங்கு குடுக்கறோமே, சிக்னல் நல்லா இருக்குங்கறதைத் தவிர வேற என்ன செய்யும் இது?"

"சரக்கு எடுக்கறவங்களுக்கு நேரம் வீணாகாது சார்."

"அவங்களுக்கு ஆகாது. நமக்கு?" என்றார். "எனக்கென்னவோ ஆரஞ்சே போதும்னு படுது. நாளைக்கு மறுநாள் மீட்டிங். யோசிங்க."

நான் யோசித்தேன். நீலக் கம்பெனியின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினேன். அதில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு ஸ்கேனரும் கிடங்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும். அரை மீட்டர்கூடப் பிசகாது. தொலைந்த கருவியைத் தேடத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள் என்று விற்பனைக்காரர் சொல்லியிருந்தார். பச்சை ஐந்து மீட்டர் வரை பிசகும். ஆரஞ்சில் அந்த வசதியே இல்லை.

பதினான்காவது வரி சேர்த்தேன். ‘கருவி இருக்கும் இடத்தைக் காட்டும் துல்லியம்.’ கீழே ஒரு குறிப்பும் எழுதினேன்: ‘தொலைந்த கருவிகளைக் கண்டுபிடிக்கவும், ஊழியர்களின் நடமாட்டத்தை ஆராய்ந்து நேர விரயத்தைக் குறைக்கவும் பயன்படும்.’

அந்தக் குறிப்பின் பின்பாதியை எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. முன்பாதி மட்டும் இருந்தால் வலுவில்லாமல் தெரிந்தது. ஜி.எம்.முக்குப் பிடிக்கிற மாதிரி நானாகத்தான் எழுதினேன்.

கூட்டத்தில் ஜி.எம். முதல் பதின்மூன்று வரிகளை விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். பதினான்காவதில் விரல் நின்றது. "யாரு எங்க நிக்கறாங்கன்னு தெரியுமா?"

"ஸ்கேனர் எங்க இருக்குன்னு தெரியும் சார்."

"ஸ்கேனர் தானா நடக்குமா?" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீலம் முடிவானது.

அறுபத்து நான்கு பெட்டிகள் மாட்டி முடிக்க ஐந்து வாரம் ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாடி டவரு! என்னடி பண்ணி வச்சிருக்க? டக்கு டக்குன்னு போகுது. காட்டறதுக்குள்ள பீப்புங்குது. வட்டமே மறந்து போச்சு." சொன்னபடி ஒரு ஸ்பூன் சர்க்கரையை என் வாயில் கொட்டினாள். தட்டில் மறுபடி மறுபடி பரிமாறினாள். அவளுக்குச் சிவப்பு விழுவது அடியோடு நின்றுவிட்டது. படித்த படிப்பு ஒருத்திக்காவது உருப்படியாகப் பயன்பட்டது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் நாலு மாதம் நீடித்தது.

அந்த ஞாயிறுகளில் ஒன்றில்தான் அக்கா தன் தோழியைப் பற்றிச் சொன்னாள். அவளும் சரக்கு எடுப்பவள். முன்பெல்லாம் எல்லோரையும் முந்திக்கொண்டு நடப்பாள் என்பதால் எக்ஸ்பிரஸ் என்று பெயர். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் நடந்திருந்தது. ஆறு வாரம் அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு மேல் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் பதினெட்டாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள்.

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறாடி. பாக்க முடியல" என்றாள் அக்கா.

"லீவு கேக்கலாமே" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். நானும் மறந்துவிட்டேன்.

புதுவருடம் பிறந்து சில வாரத்தில் ஜி.எம். தன் அறைச் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டினார். கிடங்கின் வரைபடம், அதில் நூற்றறுபது புள்ளிகள். நகரும் புள்ளி பச்சை. மூன்று நிமிடம் நின்றால் மஞ்சள். ஐந்து நிமிடம் நின்றால் சிவப்பு. மேற்பார்வையாளர் அதைக் கிடங்கில் எல்லோருக்கும் சொல்லி எச்சரித்தும் விட்டார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். ஜி.எம்., மேற்பார்வையாளர், கொள்முதல் அதிகாரி மூவரும் டிவியின் முன் நின்றிருந்தார்கள்.

"உங்க சிஸ்டத்துல ஏதோ கோளாறு இருக்கு" என்றார் மேற்பார்வையாளர். "நூத்திப் பன்னெண்டு, நூத்தி நாப்பத்தேழு. இந்த ரெண்டு ஸ்கேனரும் எப்பப் பாத்தாலும் ஒண்ணு மேல ஒண்ணு தெரியுது. தனித்தனியா காட்டவே மாட்டேங்குது."

கொள்முதல் அதிகாரி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "அன்னிக்கே சொன்னேன். ஆரஞ்சு வாங்கியிருந்தா பாதிதான் ஆகியிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் அலைந்து அலைந்து தேர்ந்தெடுத்த அமைப்பு. "ரெண்டு நாள் குடுங்க சார். பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அந்த இரண்டு நாளும் நான் வேலை செய்தது போல அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை. உபரியாக இருந்த இரண்டு ஸ்கேனர்களை எடுத்துக்கொண்டு, அளவுநாடாவைத் தரையில் விரித்து, ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் தள்ளி வைத்து, வரைபடத்தில் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். நாற்பது இடத்தில் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட அரை மீட்டருக்கு மேல் பிசகவில்லை. பிறகு அந்த இரண்டு எண்களின் ஒன்பது நாள் பதிவை எடுத்து அடுக்கினேன். காலையில் வேலை தொடங்கும்போது இரண்டும் தனித்தனியாக இருந்தன. பத்தரை மணிக்கு ஒன்று சேர்ந்தன. சாப்பாட்டு வேளையில் பிரிந்தன. மறுபடி சேர்ந்தன. மூன்றரைக்குப் பிரிந்தன. ஒன்பது நாளும் அப்படியே. கோளாறு எதுவும் சாப்பாட்டுக்கு மணி பார்த்து இடைவேளை விடாது. விடை கிடைத்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அறிக்கையின் கடைசி வரி நன்றாக நினைவிருக்கிறது: ‘அமைப்பில் எந்தப் பிழையும் இல்லை. இரண்டு கருவிகளையும் ஒரே நபர் எடுத்துச் செல்கிறார்.’

அந்த எண்கள் யாருடையவை என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். பணியாளர் பதிவேடு என் கம்ப்யூட்டரிலும் திறக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அவை எண்கள்.

நான் பேசி முடித்ததும் ஜி.எம். மேசையைத் தட்டினார். "பிரமாதம். வாங்கின பொருள் தப்பில்லைன்னு தெரிஞ்சுதே, அது போதும்." பிறகு மேற்பார்வையாளரிடம், "யாருன்னு பாருங்க" என்றார்.

மேற்பார்வையாளர் எண்களைத் தட்டினார். டிவியில் வரைபடம் மறைந்து இரண்டு போட்டோக்கள் வந்தன. நூற்றுப் பன்னிரண்டு, எக்ஸ்பிரஸ். நூற்று நாற்பத்தேழு, என் அக்கா. பதினோரு வருடத்துக்கு முந்தைய போட்டோ. கன்னம் ஒட்டி, கேமராவைப் பார்த்து மிரண்டிருந்தாள்.

"ரெண்டு பேருமே பழைய ஆளுங்க சார்" என்றார் மேற்பார்வையாளர். "ஒருத்தி எங்கயோ போய்ப் படுத்துக்கறா, இன்னொருத்தி அவ மெஷினையும் சேத்துத் தூக்கிட்டுச் சுத்தறா. புள்ளி நகருதில்ல, நமக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

"ஏமாத்து வேலை. ரெண்டு பேரையும் இன்னிக்கே அனுப்பிடுங்க."

அவள் என் அக்கா என்று சொல்லாமல் அறிக்கைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பயமா, வெட்கமா, வேலை போய்விடும் என்ற கணக்கா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஜி.எம். என்னைப் பார்த்து, "நீங்க போகலாம், தாங்க்ஸ்" என்றார். நானும் பதிலுக்குத் தாங்க்ஸ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மணி நேரம் என் அறையில் அந்த இரண்டு எண்களின் வேலைக் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்காவும் எக்ஸ்பிரஸும் மேற்பார்வையாளர் அறைக்கு நடந்து போனார்கள். எக்ஸ்பிரஸ் சுவரைப் பிடித்தபடி நடந்தாள். அக்கா வழக்கம்போல என்னைத் தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் எழுந்தது. ஜி.எம். அறைக்கு மறுபடி போனேன். "சார், ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அந்த ரெண்டு பேரோட கணக்கையும் பாத்தேன். தினமும் ரெண்டு பேரோட டார்கெட்டும் முடிஞ்சிருக்கு. ஒரு நாள்கூடக் குறையல. கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்ல சார். ஒரு எச்சரிக்கையோட விட்டுடலாமே."

ஜி.எம். நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, ஆர்வம்தான் இருந்தது. "ரெண்டு பேரோடதும் முடிஞ்சிருக்கா? ஒரே ஆளா எடுத்தா?"

"ஆமா சார்."

"மணிக்கு நூத்தி எம்பதா?"

"அந்த நாலரை மணி நேரமும் அப்படித்தான் சார்."

அவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். "நல்ல பாயின்ட் சொன்னீங்க. அப்போ தொண்ணூறுங்கறது ரொம்பக் குறைச்சல்."

"இல்ல சார், நான் சொல்ல வந்தது…"

"புரியுதும்மா. அவங்களை வச்சிருக்க முடியாது, அது வேற விஷயம். ஆனா இது உபயோகமான தகவல்."

அப்போதும் அவள் என் அக்கா என்று நான் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் லாரி ஓட்டுபவர், அன்று வெளியூரில் இருந்தார். கட்டிலில் எக்ஸ்பிரஸ் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து, கிடங்கிலிருந்து கொண்டுவந்த தன் பையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு, வலி மருந்து, மாற்றுச் செருப்பு. தலை நிமிரவில்லை.

"சூப்பர்வைசர் சொன்னாரு," என்றாள். "டவர் ரெண்டு நாளா அளந்து பாத்து ரிப்போர்ட் குடுத்துட்டாங்களாம். மெஷின்ல தப்பே இல்லையாம்."

"அது உன் நம்பர்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"எழுதியிருக்க மாட்டேன்."

"அப்போ வேற எவளோ ஒருத்தின்னா எழுதியிருப்ப."



நாங்கள் அக்கா தங்கை என்பது அன்றுதான் தெரிந்திருந்த எக்ஸ்பிரஸ் கட்டிலிலிருந்து மெல்லச் சொன்னாள். "விடுக்கா. அவ என்ன பண்ணுவா, அவ வேலை அது. எல்லாம் என்னாலதான். என்னால முடியலம்மா. குனிஞ்சா தையல் பிச்சுக்கற மாதிரி இருக்கு. உன் அக்காதான், இப்ப மெஷின் வேகமாப் போகுது, ரெண்டு பேருக்கும் சேத்து நானே எடுத்துடறேன், நீ இருபத்தேழு கடைசியில தூணுக்குப் பின்னாடி உக்காருன்னா. ஆறு வாரம் முடியற வரைக்கும்னுதான். இன்னும் அஞ்சு நாள் இருந்துச்சு."

பழைய பெட்டிகள் இருந்திருந்தால் அக்காவால் இரண்டு பேர் வேலையைச் செய்திருக்கவே முடியாது. முயன்றும் இருக்க மாட்டாள்.

அக்கா பையை உதறி மடித்தாள். "எங்க போட்டோவைப் போட்டாங்களாமே, அப்ப நீ அந்த ரூம்ல இருந்தியா?"

"இருந்தேன்."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நான்தான் சொல்லாதேன்னு சொல்லியிருந்தேன், இல்ல?" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "ஆறு வருஷமாச் சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு அது உனக்கு நல்ல வசதியாப் போச்சு."

திங்கட்கிழமை கிடங்கு அறிவிப்புப் பலகையில் புதுக் கணக்கு ஒட்டியிருந்தார்கள். மணிக்கு நூற்று முப்பது. ‘ஆய்வின் அடிப்படையில்’ என்று எழுதியிருந்தது. அன்று மதியத்திலிருந்தே அக்காவின் போன் அடிக்க ஆரம்பித்திருக்கிறது. பதினோரு வருடம் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். "நீ பறந்து பறந்து ரெண்டு ஆளு வேலையைப் பாத்த. இப்ப எங்க தலையில விடிஞ்சிருக்கு" என்று ஒருத்தி கத்தினாளாம். இன்னொருத்தி எதுவும் பேசாமல் அழுதுவிட்டு வைத்துவிட்டாளாம். மூன்றாம் நாளிலிருந்து அக்கா போனை எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளுக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. மருத்துவமனைகளுக்குப் போகும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்க வேண்டும். நாள் முழுக்க நிற்க வேண்டும், ஆவியில் வேக வேண்டும். நான் ஞாயிறு தவறாமல் போனேன். அக்கா பேசினாள், சாப்பாடு போட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்த ஒரு நாளில், பேச்சு அந்தப் புதுக் கணக்கின் பக்கம் திரும்பியது. மேற்பார்வையாளரைச் சபித்தாள். "பிடிச்சான், வெளிய அனுப்பினான், சரி. நான் ரெண்டு பேருக்கு எடுத்ததைக் கணக்குப் போட்டு, எல்லார் தலையிலயும் கட்டினான் பாரு. அவன் விளங்கவே மாட்டான். அந்தப் பாவிதான் என்னை என் ஜனங்ககிட்ட விரோதியாக்கிட்டான்."

சும்மா இருந்திருக்கலாம். ஒரு தடவை பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்ததால், இனி எல்லா இடத்திலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு எனக்குள் வந்திருந்தது.

"அதை ஜி.எம்.கிட்டச் சொன்னது நான்தான்க்கா. உங்களைக் காப்பாத்தலாம்னு சொன்னேன். ரெண்டு பேரோட டார்கெட்டும் முடிஞ்சிருக்கு, நஷ்டமில்லைன்னு. அவர் அதை அப்படித் திருப்பிட்டாரு."

அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கையை ஓங்கினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கழுவிய தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "சரி," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு நான் போய்க் கதவைத் தட்டியபோது அவளே திறந்தாள். "வாங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை ‘வாடி, போடி’ என்றே கூப்பிட்ட வாய். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "உக்காருங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவள் மகள், "ஏன்மா சித்தியை வாங்க போங்கன்னு கூப்பிடற?" என்று கேட்டாள். "ஆபீஸ்ல பெரிய வேலை பாக்கறாங்க இல்ல, மரியாதை குடுக்கணும்" என்றாள் அக்கா. கேலியே இல்லை. அதைக் கேலியாகவாவது சொல்லியிருக்கலாம்.

எனக்கு வேலை உயர்வு வந்தது. கம்பெனியின் மற்ற மூன்று கிடங்குகளுக்கும் வயர்லெஸ் அமைப்பை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு. வேண்டாம் என்று சொல்ல இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன். அவற்றில் முதல் கிடங்குக்குப் போட்ட அட்டவணையில் பதின்மூன்று வரிகளோடு நிறுத்திக்கொண்டேன். கொள்முதல் அதிகாரி பார்த்துவிட்டு, "ஒரு வரி விட்டுட்டீங்களே" என்று சொல்லி அவரே எழுதிச் சேர்த்தார். என் குறிப்பை அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் மனப்பாடமாக எழுதினார். நான் தடுக்கவில்லை.

எக்ஸ்பிரஸ் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். தையல் ஆறி, இப்போது நன்றாக நடக்கிறாளாம். தினமும் ஒரு தடவையாவது அக்காவுக்குப் போன் செய்துவிடுவாள். நான் அங்கே இருக்கும்போது அழைப்பு வந்தால், அக்கா போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அக்கா ‘வாடி, போடி’ என்று யாரையோ செல்லமாகத் திட்டுவதும், விட்டு விட்டுச் சிரிப்பதும் மட்டும் வெளியே கேட்கும். நான் கொஞ்ச நேரம் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். பிறகு அவள் மகளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.